குரலுக்கும் உல்கு

தூது என்னும் பிரபந்த வகையை மாணவர்க்குக் கற்பித்த நாட்களில் நான் ஒரு வினாவைத் தவறாது எழுப்புவதுண்டு. அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தையும் தூது செல்வதற்குரியனவாக நம் முன்னோர் ஏன் தெரிந்தெடுத்தனர் என்பதே அவ்வினா. அழகுடையன என்பர் சிலர். விரைந்து செல்வன என்பர் சிலர். இரக்கமுடையன என்பர் வேறு சிலர். ஒருமுறை கடைசி வாங்கில் இருந்த குறும்பன் ஒருவன் எழுந்து, “ஐயா, இவை பத்துக்கும் கூலி கொடுக்கத் தேவையில்லை” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அவனை இருக்கச் சொன்னேன்.

2023ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஐரோப்பா சென்று மீண்ட பின்னரே, அன்று அவன் சொன்ன விடையின் பெருமை எனக்கு விளங்கிற்று. மேகம் எல்லை கடக்கும்போது எவரும் அதனை மறிப்பதில்லை. தென்றலிடம் எந்த அரசும் தீர்வை கேட்பதில்லை. ஆனால் நம் காலத்துத் தூதாகிய கைத்தொலைபேசி, ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டிய அக்கணமே ஆயத்துறையில் நிறுத்தப்படுகின்றது. புகார்த் துறைமுகத்திலே பொருட்பொதிகளுக்குப் புலி முத்திரை இட்டு உல்கு கொண்ட அதிகாரிகளைப் பட்டினப்பாலையிற் படித்திருக்கின்றோம். இன்றோ மனிதனுடைய குரலுக்கே உல்கு உண்டு. அதனை ‘ரோமிங்’ கட்டணம் என்பர்.

இவ்வுல்கைப் பற்றியும், அதற்கு ஆளாகாது தப்பும் வழிகளைப் பற்றியும் எழுதுமாறு நண்பர்கள் சிலர் வேண்டினர். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் நம்மவர்க்கு இது வேண்டாத பொருளன்று. எனினும் யான் இதனை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு; அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

முதற் பாடம்

பாரிஸிலே மகளும், சுவிற்சர்லாந்திலே மகனும் இருக்கின்றார்கள். இருவரையும் பார்த்து வருவதற்காகவே புறப்பட்டேன். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் அங்கும் கிடைத்தல் வேண்டும் என்பதற்காக, ரோமிங் வசதியை முன்னரே கேட்டுப் பெற்றிருந்தேன். கடையிலிருந்த பையன் என் தொலைபேசியை வாங்கி, திறக்கவேண்டியவற்றையும் திறக்கவேண்டாதவற்றையும் ஒருங்கே திறந்து தந்தான். குரல், குறுஞ்செய்தி, இணையத் தரவு என்பன மூன்று வேறு கதவுகள் என்பதும், ஒன்றைத் திறந்துவிட்டு மற்றொன்றைப் பூட்டி வைக்கலாம் என்பதும் அன்று யான் அறியாதவை.

வழியில் டோகா விமான நிலையத்திலே மூன்று மணிநேரம் தங்கவேண்டியிருந்தது. தொலைபேசியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தினேன். ஒருவரையும் அழைத்தேனல்லேன், ஒருவரும் என்னை அழைத்தாருமல்லர். ஆயினும் அக்கருவி வாளா இருக்கவில்லை. பழைய மாணவர் சங்கத்தார் அனுப்பிய காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கியது. பேரப்பிள்ளைகள் எடுத்த படங்களுக்கெல்லாம் எங்கோ உள்ள களஞ்சியத்தில் படி எடுத்து வைத்தது. தன்னுள்ளிருந்த செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டது. எசமான் உறங்குகையில் அவன் பெயராற் கடைதோறும் கடன் வாங்கும் வேலைக்காரனைப் போல அது உழைத்தது. அம்மாதக் கணக்கு வந்தபோது, என் ஓய்வூதியத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு அந்த ஒரு தேநீருக்கு விலையாகியிருந்தது.

நிறுவனத்தாரிடம் மகளின் வாயிலாக முறையிட்டேன். “நீங்கள் புறப்படுமுன் தரவை நிறுத்தியிருக்க வேண்டும்” என்று விடை கிடைத்தது. சட்டப்படி அது சரியே. ஆனால் அதனை எவரும் முன்னர் எனக்குச் சொல்லவில்லை.

குரல் செல்லும் வழி

இவ்வளவு பணம் எதற்கு என்று அறிய விரும்பினேன். விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகின்றேன்.

நம் தொலைபேசியினுள் இருக்கும் சிம் அட்டையிலே பெரும்பாலும் பதினைந்து இலக்கங்கள் கொண்ட அடையாள எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் அன்று அது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு 413, பிரான்சுக்கு 208, சுவிற்சர்லாந்துக்கு 228. பாரிஸில் இறங்கித் தொலைபேசியைத் திறந்ததும், அங்குள்ள கோபுரம் இவ்வெண்ணை வாசித்து, ‘இவன் நம்மவனல்லன், 413க்கு உரியவன்’ என்று உணர்கின்றது. உடனே கொழும்பிலுள்ள நம் நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கின்றது: ‘இவர் உம்முடைய வாடிக்கையாளரா? இவருக்காக நீர் பணம் தருவீரா?’ ‘ஆம்’ என்ற விடை கிடைத்ததும் கதவு திறக்கின்றது. நாம் இன்ன நாட்டில் இருக்கின்றோம் என்பதும் பதிவேட்டிற் குறிக்கப்படுகின்றது.

இனி, பருத்தித்துறையிலிருந்து ஒருவர் நம் இலங்கை எண்ணை அழைக்கின்றார் என்க. அவர் அறிந்த அளவில் அது உள்ளூர் அழைப்பே. உள்ளூர்க் கட்டணமே அவர் செலுத்துவார். ஆனால் நாம் பாரிஸில் இருத்தலால், கொழும்பிலிருந்து பாரிஸ் வரையுள்ள மிகுதிப் பயணத்தின் செலவு நம் தலையில் விழுகின்றது. வெளிநாட்டில் இருக்கும்போது, வரும் அழைப்புக்கும் நாம் பணம் கொடுப்பது இதனாலேயே. நாம் அதனை எடுக்காது விட்டு, அழைப்பு நம் குரலஞ்சற் பெட்டிக்குத் திரும்புமாயின், சில வேளைகளில் அது மீண்டும் கொழும்புக்கே பயணம் செய்யும். போன வழிக்கும் பணம், திரும்பிய வழிக்கும் பணம், பேசியதோ ஒன்றுமில்லை.

இணையத் தரவின் கதை இன்னும் வியப்பானது. பாரிஸின் தெருவொன்றில் நின்று அதே தெருவின் வரைபடத்தைப் பார்க்க விரும்பினால், அந்த வேண்டுகோள் வழக்கமாக முதலிற் கொழும்பிலுள்ள நம் நிறுவனத்தின் வாயிலுக்குச் சென்று, அங்கிருந்து இணையத்துட் புகுந்து, மீண்டும் அதே வழியாகவே பாரிஸுக்கு வருகின்றது. ஆனால் கட்டணம் மிகுவதற்குத் தூரம் முதற்காரணமன்று. வெளிநாட்டு நிறுவனம் நம் நிறுவனத்திடம் மொத்த விலை ஒன்று கேட்கின்றது. நம் நிறுவனம் தன் ஊதியத்தையும் அதன்மேல் ஏற்றுகின்றது. இடையில் நிற்கும் பயணிக்கோ வேறு கடைக்குப் போக வழியில்லை. வழியில்லாதவனிடம் விலை ஏறுவது சந்தையின் இயல்பு.

இவ்வேற்பாடு நெடுநாளையதன்று. ஐரோப்பிய நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு முறையை அமைப்பதென 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் கொப்பன்ஹேகன் நகரில் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. ஜி.எஸ்.எம். எனப்படும் அம்முறையில் 1991ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் பின்லாந்தில் முதல் அழைப்பு நிகழ்ந்தது. அடுத்த ஆண்டிலேயே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரித்தானிய நிறுவனம் ஒன்றும் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் ஏற்றுக்கொள்ளும் முதல் ஒப்பந்தத்தைச் செய்தன. ரோமிங் என்பதன் பிறப்பு அதுவே. நம் நாட்டில் 1989இல் கைத்தொலைபேசி அறிமுகமாகி, 1995இல் ஜி.எஸ்.எம். முறை வந்து சேர்ந்தது.

சட்டம் கட்டிய வேலி

குரலுக்குரிய உல்கைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்திய பெருமை ஐரோப்பிய ஒன்றியத்தைச் சாரும். 2007ஆம் ஆண்டு, ஒன்றியத்தினுள் ரோமிங் அழைப்பு ஒன்றிற்கு நிமிடத்துக்கு 49 சதத்துக்கு மேலும், வரும் அழைப்புக்கு 24 சதத்துக்கு மேலும், வரி நீங்கலாக, அறவிடலாகாது என்று விதி பிறந்தது. ஆண்டுதோறும் அவ்வெல்லை குறைந்து, 2017ஆம் ஆண்டு யூன் 15ஆம் நாள் முதல் மிகைக் கட்டணமே ஒழிந்தது. பிரெஞ்சுச் சிம் அட்டையுடன் ஜேர்மனிக்குப் போகும் ஒருவர் பிரான்சில் இருப்பது போலவே அங்கும் பேசலாம். 2022ஆம் ஆண்டில் இவ்விதி புதுப்பிக்கப்பட்டு 2032 வரை நீடிக்கப்பட்டுள்ளது. ஒன்றியத்தைச் சேராத நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்ரைன் ஆகியவையும் இதனுள் அடங்கும். எனினும் இது பயணிகளுக்கான சலுகையேயன்றி, ஒரு நாட்டின் மலிவான அட்டையை வாங்கி மற்றொரு நாட்டில் நிரந்தரமாகப் பாவிப்பதற்கான உரிமையன்று. தரவுக்கும் நியாயமான அளவொன்று வகுக்கப்படலாம்.

இவ்வேலிக்கு வெளியே நிற்கும் இரு நாடுகளை நம்மவர் நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஏனெனில் இரண்டிலும் நம் உறவினர் நிறைய உளர். ஒன்று சுவிற்சர்லாந்து. மற்றையது பிரித்தானியா. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகி, இடைக்கால ஏற்பாடு 2020ஆம் ஆண்டின் இறுதியில் முடிவடைந்ததும், இக்கட்டுப்பாடு அந்நாட்டு நிறுவனங்களுக்கு இல்லாதொழிந்தது. அவற்றுட் சில மீண்டும் கட்டணம் அறவிடத் தொடங்கின. இவ்விரு நாடுகளையும் தாமாகவே தம் திட்டங்களுட் சேர்த்துக்கொள்ளும் ஐரோப்பிய நிறுவனங்களும் உண்டு, சேர்க்காதனவும் உண்டு. எனவே கேட்டறிந்தே செல்லல் வேண்டும். கேட்டறியாது சென்றவன் யான்.

இரண்டு முறை அடிக்கும் மணி

இனி அந்த வேறொரு காரணத்தைச் சொல்கின்றேன்.

எனக்கு ஓர் அக்கா இருந்தார். தாய் இளமையிலேயே இறந்துபோனமையால் என்னை வளர்த்தவர் அவரே. வடமராட்சியிலே எங்கள் பழைய வீட்டில் மகளுடனும் பேரனுடனும் வாழ்ந்தார். அவரிடம் இருந்தது பொத்தான்கள் உள்ள பழைய கைத்தொலைபேசி. வட்ஸ்அப் முதலிய எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் மனனமாக வைத்திருந்த எண் ஒன்றே, அது என்னுடையது.

ஒவ்வொரு நாளும் மாலை விளக்கேற்றிய பின் அக்கா என்னை அழைப்பார். இரண்டு முறை மணி அடிக்கும், பிறகு நின்றுவிடும். ‘நான் சுகமாயிருக்கிறேன், நீ எடுக்க வேண்டாம், காசை மிச்சம் பிடி’ என்பது அதன் பொருள். மணி நிற்காமல் அடித்தால் மட்டுமே யான் எடுத்தல் வேண்டும். எங்களுக்குள் இருந்த இலக்கணம் அது.

தொலைபேசியின் அருமையை அவர் அறிந்திருந்த அளவு யான் அறிந்தவனல்லேன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே தொலைபேசியும் இல்லை, மின்சாரமும் இல்லை. 1993இல், ஜேர்மனிக்குச் சென்றிருந்த மகனுடைய குரலைக் கேட்பதற்காக, அக்கா இரவோடிரவாகக் கிளாலிக் கடனீரேரியை வள்ளத்திற் கடந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்குச் சென்று, வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் எட்டு நாட்கள் காத்திருந்தார். ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. பேசியது ஏழு நிமிடம். “சாப்பிட்டியோ எண்டு மூண்டுதரம் கேட்டன்; மிச்சமெல்லாம் மறந்துபோச்சு” என்று திரும்பி வந்து சொன்னார்.

டோகாவிற் பெற்ற பாடத்தினால் யான் அச்சமுற்றிருந்தேன் என்றேனல்லவா? பாரிஸில் இறங்கிய மறுநாளே மகள் எனக்குப் பிரெஞ்சுச் சிம் அட்டை ஒன்று வாங்கித் தந்தாள். “அப்பா, இனிப் பயமில்லாமல் கதையுங்கோ” என்றாள். யான் இலங்கைச் சிம்மைக் கழற்றி, ஒரு கடித உறையில் இட்டு, கையோடு கொண்டுசென்ற நன்னூற் பிரதியினுள் வைத்தேன். இனி ஒரு சதமும் வீணாகாது என்று பெருமிதமும் கொண்டேன். அக்காவுக்கு மருமகள் வாயிலாகச் செய்தி அனுப்பினேன். தம்பி பத்திரமாக வந்துவிட்டான், ஒரு மாதத்துக்கு மணி அடிக்கத் தேவையில்லை என்று.

இரண்டு கிழமைகளின் பின் பாரிஸிலிருந்து புகைவண்டியில் சூரிச் நகருக்குப் புறப்பட்டேன். வண்டி எல்லையைக் கடந்து பாசல் நகரை அடைந்தபோது, தொலைபேசியிற் பிரெஞ்சு மொழியிற் செய்தி ஒன்று வந்தது. வாசிக்கத் தெரியாவிடினும் அதிலிருந்த எண்களும் யூரோ அடையாளமும் விளங்கின. என் அட்டைக்குரிய திட்டத்திற் சுவிற்சர்லாந்து அடங்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அப்போது செய்ததெல்லாம் ஒன்றே: தொலைபேசியை முற்றாக அணைத்துச் சட்டைப்பையில் இட்டேன். மகன் இரவு வேலைக்குப் போய்க் காலையில் உறங்குபவன். அவனை எழுப்பி வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைக் கேட்க மனம் வரவில்லை. ‘நாளைக்குக் கேட்போம்’ என்றிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அன்று மாலையே அக்காவுக்கு நெஞ்சிலே நோவு கண்டு வைத்தியசாலையிற் சேர்த்தனர். இரவு இருமுறையும், சனிக்கிழமை விடியற்காலையில் ஒருமுறையும் பேரனைக் கொண்டு என் எண்ணை அழைப்பித்தார். பேரன் என் வட்ஸ்அப்புக்கும் அழைத்துப் பார்த்தான். ஒன்று நன்னூலினுள் இருந்தது, மற்றொன்று அணைந்திருந்தது. சனிக்கிழமை நண்பகலில் அக்கா கண்மூடினார். பேரன் ஜேர்மனியிலிருந்த மாமனுக்குச் சொல்ல, அவர் பாரிஸுக்குச் சொல்ல, மகள் சுவிற்சர்லாந்திலே தன் தம்பியை எழுப்பிச் சொல்ல, இவ்வாறு மூன்று நாடுகளைச் சுற்றிக்கொண்டு அச்செய்தி அடுத்த அறையில் இருந்த என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்தியேட்டிக்கே ஊர் வந்து சேர முடிந்தது. கிரியைகள் முடிந்த அன்று மாலை, பேரன் அக்காவின் தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். ‘தம்பி’ என்ற பெயர் மூன்று முறை வரிசையாக இருந்தது. கடைசி அழைப்பு விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். “அம்மம்மா என்ன சொன்னவ?” என்று கேட்டேன். “தம்பியின்ரை போன் வேலை செய்யேல்லைப் போலை. அங்கை இப்ப நடுச்சாமமாக்கும், நித்திரை கொள்ளட்டும் எண்டு சொன்னவ” என்றான்.

பிரெஞ்சு அட்டையைக் கழற்றி இலங்கை அட்டையை இட்டுத் தருமாறு என் தொலைபேசியை அவனிடம் கொடுத்தேன். ஊசியாற் குத்தித் தட்டை வெளியே இழுத்தவன் சற்று நேரம் அதனையே பார்த்தான். பிறகு மெல்ல, “இதிலை ரெண்டு சிம் போடலாமே” என்றான். பார்த்தேன். தட்டின் மறுபாதி வெறுமையாக இருந்தது. வாங்கிய நாள் தொட்டு அது வெறுமையாகவே இருந்திருக்கின்றது.

செய்யத்தக்கவை

இலங்கை அட்டையை அவ்விடத்தில் விட்டுவைத்து, அதன் தரவுக் கதவை மட்டும் பூட்டியிருந்தால், அக்காவின் அழைப்பு மணியாக ஒலித்திருக்கும். யான் எடுக்கக்கூடத் தேவையில்லை. பொதுவாக, எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை. ‘அக்கா’ என்ற பெயரைத் திரையிற் கண்டவுடன் பேரனின் வட்ஸ்அப்புக்கு யான் அழைத்திருப்பேன். செலவு எதுவும் ஆகியிராது. ஆதலின், வெளிநாடு செல்லும் அன்பர்களுக்கு யான் கற்றவற்றை வரிசைப்படுத்திச் சொல்கின்றேன்.

முதலாவது: ஊரைவிட்டுப் புறப்படுமுன் உங்கள் நிறுவனத்தாரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள். நான் செல்லும் நாட்டுக்கும் இடைத்தங்கும் நாட்டுக்கும் ரோமிங் பொதித் திட்டம் உண்டா? அதில் வரும் அழைப்பு அடங்குமா? அது எத்தனை நாள் செல்லும்? குறுஞ்செய்தி பெறுவதற்குப் பணம் உண்டா? பெரும்பாலான நிறுவனங்கள் குறுஞ்செய்தி பெறுவதற்குக் கட்டணம் அறவிடுவதில்லை. எனினும் கேட்டு உறுதிசெய்தல் நன்று. சில நாட்களே தங்குபவருக்குப் பொதித் திட்டமே போதுமானதாகலாம்.

இரண்டாவது: தொலைபேசியின் அமைப்புகளில் ‘டேட்டா ரோமிங்’ என்று ஒரு கதவு உண்டு. விமானம் ஏறுமுன் அதனை உங்கள் கையாலேயே பூட்டுங்கள். பூட்டியபின் இன்னொரு முறை பாருங்கள்.

மூன்றாவது: அழைப்புகளைக் குரலஞ்சற் பெட்டிக்கோ வேறு எண்ணுக்கோ திருப்பும் ஏற்பாடு இருப்பின் அதனை நீக்குங்கள். ##002# என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தொட்டால் எல்லாத் திருப்பங்களும் நீங்கும். ஊரில் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். எடுக்காத அழைப்பு செலவின்றி இருப்பது இதனைச் செய்தபின்னரே உறுதியாகும்.

நான்காவது: ஊர்ச் சிம்மைக் கழற்றாதீர்கள். இரண்டு சிம் இடக்கூடிய தொலைபேசியாயின் ஓரிடத்தில் அதுவே இருக்கட்டும். மற்றை இடத்திற் செல்லும் நாட்டின் சிம்மை இட்டு, இணையத் தரவுக்கு அதனையே தெரிவு செய்யுங்கள். ஓரிடமே உள்ள தொலைபேசியாயின், பழைய பொத்தான் தொலைபேசி ஒன்றிலே ஊர்ச் சிம்மை இட்டு உடன்கொண்டு செல்லலாம். வங்கியின் ஒருமுறைக் கடவெண்ணும் அவ்வெண்ணுக்கே வரும்.

ஐந்தாவது: வெளிநாட்டுச் சிம்மை ஏற்பதற்கு உங்கள் தொலைபேசி ஒரு நிறுவனத்துக்கே பூட்டப்பட்டதாக இருத்தலாகாது. பல நாடுகளிற் சிம் வாங்கக் கடவுச்சீட்டைக் காட்டவேண்டும். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வாங்கும்போது, அயல்நாடுகளுள் எவை அடங்கும், எவை அடங்கா என்பதையும் கேட்க மறவாதீர்கள்.

ஆறாவது: புதிய தொலைபேசிகளில் ஈ-சிம் என்னும் ஏற்பாடு உண்டு. அட்டை எதுவும் இல்லை; இணையத்திற் பணம் செலுத்தி, அவர்கள் அனுப்பும் சதுரக் குறியீட்டைப் படம்பிடித்தால், சிம் தொலைபேசியினுள்ளேயே பதிந்துவிடும். ஊரிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம். இவற்றுட் பல தரவுக்கு மட்டுமே உரியன; தொலைபேசி எண் கிடையாது. வட்ஸ்அப்பிற் பேசுவோர்க்கு அதுவே போதும். குரலழைப்புக்கு நிமிடமொன்றுக்கு ஒரு மெகாபைற்றுக்கும் குறைவாகவே செலவாகும்; முகம் பார்த்துப் பேசினால் அது பன்மடங்காகும்.

ஏழாவது: சிம்மை மாற்றினால் வட்ஸ்அப் எண்ணும் மாறிவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். மாறாது. ‘எண்ணை மாற்றவா?’ என்று அது கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். பழைய எண்ணிலேயே உங்களை எல்லோரும் அடையலாம். வளைகுடா நாடுகள் சிலவற்றில் இத்தகைய செயலிகளின் குரலழைப்புக்குத் தடை இருப்பதுண்டு. அங்கு வேலைக்குச் செல்வோர் அதனை முன்னரே விசாரித்துக்கொள்க.

எட்டாவது: விமான நிலையம், வீடு, விடுதி ஆகிய இடங்களில் வைஃபை இருக்கும். தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் திறந்தால் ரோமிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஊர்ச் சிம்மின் அழைப்பும் அப்போது வராது என்பதை நினைவிற் கொள்க. பொது வைஃபையில் வங்கி அலுவல் பார்க்கவேண்டாம். பிள்ளைகளின் வீட்டிற் கடவுச்சொல்லைக் கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

ஒன்பதாவது: எல்லைப்புற நகரங்களில் அவதானம் தேவை. பாசலில் நின்றால் பிரான்சும் ஜேர்மனியும் கூப்பிடு தூரத்தில் உள்ளன. தொலைபேசி அறியாமலே அயல்நாட்டுக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். அமைப்புகளில் வலையமைப்பை நாமே தெரிவுசெய்யும் வசதி உண்டு. கப்பலிலும் விமானத்திலும் உள்ள தொலைபேசி இணைப்பு செய்மதி வழியாக நிகழ்வது; ஐரோப்பியச் சட்டத்தின் வேலி அங்கு செல்லாது. அவ்விடங்களில் விமான நிலையே பாதுகாப்பு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்

இவற்றுள் ஒன்றேனும் கடினமானதன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று பத்து நிமிடத்திற் செய்து முடிக்கும். ஆனால் வெளிநாட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் தாய் தந்தையருட் பெரும்பாலோர் இதனை அறியார். அறியாமையை வெளியே சொல்லவும் நாணுவர். நாற்பது ஆண்டு இலக்கணம் கற்பித்த யானே அந்நாணத்திற்கு விலக்கல்லேன். ஆதலின் ஆசிரிய நண்பர்களே, வகுப்பறையில் ஒருநாள் இதனையும் ஒரு பாடமாக வையுங்கள். ‘உங்கள் வீட்டில் அல்லது அயலில் யாரேனும் வெளிநாடு செல்கின்றார்களா? அவர்களுடைய தொலைபேசியை நீங்கள் பார்த்துக் கொடுங்கள். பொத்தான் தொலைபேசியோடு வீட்டிலிருக்கும் முதியவர்க்கும், போனவரை அடையும் இரண்டாவது எண் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்’ என்று மாணவரிடம் சொல்லுங்கள்.

சிக்கனம் குற்றமன்று. அக்காவும் சிக்கனக்காரியே. ஆனால் அவருடைய சிக்கனத்தில் மணி இரண்டு முறையேனும் அடித்தது. என்னுடையதில் அதுவும் அடிக்கவில்லை.

வரும் மாதம் மீண்டும் பாரிஸுக்குச் செல்கின்றேன். பேரன் நேற்று வந்து எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து தந்தான். தரவுக் கதவு பூட்டப்பட்டது, திருப்பங்கள் நீக்கப்பட்டன, வெளிநாட்டுத் தரவுக்கு வேறு சிம் இடப்பட்டது. ஊர்ச் சிம் தன் இடத்திலேயே இருக்கின்றது. மாலையில் விளக்கேற்றியபின் இரண்டு முறை மணி அடித்து ஓய்வதற்கு இனி ஒருவரும் இல்லை. ஆயினும் அவ்விடத்தை யான் வெறுமையாக விடுவதில்லை.